பித்தளை எஞ்சினில் குறைந்த பத்தொன்பது

கண்ணாடியை அப்படிக் கைக்குட்டையால் தேய்க்கக் கூடாது அம்மா. கீறல் விழும். முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டித் தூசியைப் போகவிட வேண்டும், அப்புறம் மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கொடுங்கள், நானே செய்கிறேன். முப்பத்தோரு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் கண்ணாடி துடைக்கும் விதத்தைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடுவேன். நீங்கள் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்திருக்கிறீர்கள்.

மறுபடி உட்காருங்கள், தேநீர் ஆறுகிறது. என் மனைவியும் மச்சானும் தபால் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். வர முக்கால் மணி நேரமாவது ஆகும். தபால்தலையைக் கோணாமல் ஒட்டவே மச்சானுக்குப் பத்து நிமிடம் வேண்டும். அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஏழு மணி நேரம் பயணம் செய்து வந்து, வாசலில் நின்றபடியே கேட்டீர்கள்.

"நான் கட்டின பொட்டலத்துல என்ன குறைஞ்சுதுன்னு என் கண்ணால பாக்கணும். பாத்துட்டுப் போயிடறேன்."

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் பொட்டலத்தில் எதுவுமே குறையவில்லை.

இருங்கள், எழுந்திருக்காதீர்கள். இதை முறையாகச் சொல்ல வேண்டும். முறையாகச் சொல்லாவிட்டால் நான் ஏதோ கெட்டவன் என்று உங்களுக்குத் தோன்றிவிடும்.

இதோ சாப்பாட்டு மேஜையில் நிற்கிறதே, இதுதான் அந்த நீராவி எஞ்சின். என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம், முழுக்கப் பித்தளை. நீங்கள் இதைத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருப்பீர்கள். எண்ணூற்று நாற்பத்தாறு துண்டு, முப்பத்தெட்டு சின்னப் பைகள், ஒவ்வொரு பையிலும் 'எண்ணி, எடை போட்டு, அடைத்தவர்: 9' என்று ஒரு சீட்டு. அந்த ஒன்பது நீங்கள்தான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சேர்த்து வைத்து முழுசாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவையா? தொட்டுப் பாருங்கள், பரவாயில்லை. சக்கரம் சுற்றும். நான்கு வருடமாக இதற்குப் பக்கத்தில் தட்டை வைத்துத்தான் மூன்று பேரும் சாப்பிடுகிறோம். குழம்பு தெறித்தால் மச்சானுக்கு உயிர் போய்விடும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். அங்கே அவருக்குக் காற்புள்ளி என்று பட்டப்பெயர். ஒரே ஒரு காற்புள்ளிக்காக, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தச் சொன்ன மனிதர். அவர் ஓய்வு பெற்ற அன்று அச்சக ஆட்கள் ஒன்றாகச் சேர்ந்து இந்தப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். இனிமேலாவது வேறு எதையாவது நோண்டிக்கொண்டிருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அவருடைய மனைவி தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் வேறு ஊரில், அப்போது மாசமாக இருந்தாள். "எங்கூடவே வந்துடுங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இவருக்கும் போக ஆசை. ஆனால் குழந்தை பிறக்கப்போகிற வீட்டில் ஈயத்தை உருக்கிப் புகை போடக் கூடாது என்று நினைத்தார். "மூணே மாசம்மா. தங்கச்சி வீட்ல உக்காந்து முடிச்சுட்டு, குழந்தைக்கு எஞ்சினோட வந்து சேர்றேன்" என்று சொல்லிவிட்டு இங்கே வந்தார்.

மூன்று மாதம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வந்த அன்றைக்கே என் கடைப் பலகையை அண்ணாந்து பார்த்து, ஓர் எழுத்தில் புள்ளி இல்லை என்று ஏணி கேட்டார். பதினெட்டு வருடம் அந்தப் புள்ளி இல்லாமல்தான் வியாபாரம் நடந்தது, ஒரு கண்ணாடிகூடக் குறையவில்லை. அரத்தால் தேய்க்கும்போது ஒரே ராகத்தை மூக்கால் முனகுவார். செய்முறைப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பார். "படி ஏழு. கவனிங்க மாப்பிள்ளை, தகட்டை வளைக்கிறதுக்கு முன்னாடி இளஞ்சூடு காட்டணுமாம்." எனக்கென்ன வந்தது? நான் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வந்தவன். ஆனாலும் விடமாட்டார். ஒரு இடுக்கியை என் கையில் கொடுத்து, "இதை இப்படியே பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க. உங்க கை நல்ல கை மாப்பிள்ளை, நடுங்கவே மாட்டேங்குது" என்பார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டு நிற்பேன். சாதம் ஆறிவிடும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கு முன்பெல்லாம் இந்த வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று பேச்சுதான். சாப்பிட வாங்க, உப்பு போதுமா, கதவைப் பூட்டியாச்சா. சண்டை கிடையாது. சண்டை போடவும் நாலு வார்த்தை வேண்டுமே. மச்சான் வந்த பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அண்ணனும் தங்கையும் சின்ன வயதில் செய்த அழிச்சாட்டியங்களைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். என் மனைவிக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆக, நான் செய்தது எல்லாம் அவளுக்காகத்தான். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மாதம், இருபத்து மூன்றாம் படி. பாய்லரின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடிக் கம்பி ஓடுகிறதல்லவா, அதைத் தாங்கப் பன்னிரண்டு குமிழ்கள் உண்டு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. மச்சான் வெள்ளைத் தட்டில் அவற்றை வரிசையாக வைத்துக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னார்.

"மீதியெல்லாம் சின்னப் படிங்கதான், இன்னும் பதினஞ்சே நாள். பொண்ணுக்கு இன்னைக்கே எழுதிடறேன்."

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி குழாயை மூடினாள். அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழாய் மூடிய சத்தம் எனக்கு என்னவோ செய்தது. மச்சான் கை கழுவப் போனார். நான் தட்டைக் கொஞ்சம் நகர்த்தினேன், சாப்பிட இடம் வேண்டாமா. ஒரு குமிழ் என் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. நான் அதைத் திருடவில்லை அம்மா. உதறவில்லை, அவ்வளவுதான்.

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? மேஜைக்கு அடியில் தேடியிருப்பார்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அரைநாள் தேடட்டும், சாயங்காலம் "இதோ கிடக்குதே மச்சான்" என்று எடுத்துக் கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அந்த மனிதர் குனியவே இல்லை. மூன்று முறை எண்ணினார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

"பன்னிரண்டுன்னு அச்சுல இருக்கு. தட்டுல பதினொன்னு இருக்கு. அப்போ மூலத்துலயே விடுபட்டிருக்கு."

நாற்பது வருடம் அவர் பார்த்த உலகத்தில் தவறு என்பது எப்போதும் அவருக்கு முன்னால் கை வைத்தவர் செய்ததாகத்தான் இருந்தது. மேஜையிலிருந்து எழுத்து உருண்டு கீழே விழுந்துவிட்டது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. உடனே பேனாவை எடுத்துவிட்டார்.

அந்தக் கடிதத்தின் நகல்தான் நீங்கள் கொண்டுவந்திருக்கிற புகார்க் கோப்பில் முதல் தாள். என்ன எழுத்து, என்ன மரியாதை, பார்த்தீர்களா. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. 'தங்கள் நிறுவனத்தின் நற்பெயரில் அக்கறை கொண்டவன் என்ற முறையில்' என்று ஆரம்பிக்கிற கடிதத்தை எந்தக் கம்பெனி சந்தேகப்படும்? நான் எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்கள், நீங்களும் இன்றைக்கு வேலையில் இருந்திருப்பீர்கள். ஒருவிதத்தில் பார்த்தால் அவருடைய கையெழுத்துதான் உங்களுக்கு வினையாக வந்தது.

ஒரு படி முடியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. கைப்பிடிக் கம்பியை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள் என்று நானே ஒரு தடவை ஒப்புக்குச் சொல்லிப் பார்த்தேன். என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். குமிழ் வர ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் சாயங்காலங்களில் மூன்று பேரும் சீட்டு விளையாடினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரை வரைக்கும் நடந்தோம். மச்சான் சீட்டில் கள்ளத்தனம் பண்ணுவார், பண்ணிவிட்டுத் தாங்க முடியாமல் தானே சொல்லிவிடுவார். எனக்கு அவரைப் பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா.

ஆறு வாரம் கழித்துக் குமிழ் வந்தது. கூடவே உங்கள் கம்பெனியின் மன்னிப்புக் கடிதமும் வந்தது. தவறு தங்களுடையதே என்றும், இனி நேராது என்றும் மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மனது லேசாயிற்று. கம்பெனியே தப்பு எங்களுடையதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு அது என்னுடையதாக எப்படி இருக்க முடியும்?

அதற்கப்புறம் ஒரு திருகு. அப்புறம் விளக்கின் மூடி. படிக்கட்டின் ஒரு பலகை. ஒரு வளையம், இரண்டு தடவையாக இரண்டு ஆணிகள். நான் வரைமுறை இல்லாமல் எடுத்தவன் அல்ல. மச்சான் சோர்ந்திருந்த வாரங்களில் எடுக்கவே மாட்டேன். செய்வதற்குக் கஷ்டமான எதையும் தொட்டதில்லை, கம்பெனிக்கு வீண் செலவு வைக்கக் கூடாது பாருங்கள். சக்கரத்தில் கை வைத்ததே இல்லை. ஒரே ஒரு தடவை தவிர. அப்போது அவருடைய மகள் நேரில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இரண்டாவது வருடக் கடைசியில் உங்கள் கம்பெனி சாமான்களைக் கூரியரில் அனுப்ப ஆரம்பித்தது. நாலே நாளில் வந்து சேர்ந்துவிடும். இது எங்களுக்குப் பெரிய இடைஞ்சலாகப் போயிற்று. நாலு நாளில் ஒரு மனிதர் என்னதான் சீட்டு விளையாட முடியும்? அதனால்தான் கண்ணாடி விஷயத்துக்குப் போக வேண்டி வந்தது.

இது உங்கள் கோப்பில் இல்லை. நானாகச் சொல்கிறேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மச்சான் வருடா வருடம் என்னிடம்தான் கண் பரிசோதனை செய்துகொள்வார். அந்த வருடம் அவருக்கு லென்ஸ் போடும்போது வலது கண்ணில் கால் பவர், இடது கண்ணில் அரைப் பவர் மாற்றிப் போட்டேன். அதற்கு மேல் போடவில்லை. எனக்கென்று ஒரு தொழில் தர்மம் இருக்கிறது. அந்த வாரம் அவர் புகைபோக்கியை ஈயம் வைத்து ஒட்டினார். அது அவருக்கு நேராகவும் எங்களுக்குச் சாய்வாகவும் நின்றது. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஈயத்தை உருக்கிக் கழற்றினார். நாலு தடவை கழற்றி மாட்டினார். எட்டு மாதம் போயிற்று.

"மாப்பிள்ளை, என் கண்ணுல ஏதோ கோளாறு" என்றார் ஒரு நாள். பயந்திருந்தார்.

"வயசாகுதுல்ல மச்சான்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, எல்லோருக்கும்தான் வயதாகிறது.

அதற்குப் பிறகு மாடிப்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். தினமும் காலையில் பேப்பரை விரித்துச் சிவப்புப் பென்சிலால் பிழைகளை வட்டம் போடுவார், அது அவருக்குப் பலகாரம் மாதிரி. அதை நிறுத்திவிட்டார். பென்சிலை என்னிடம் கொடுத்து, "கடையில யாருக்காவது உதவும்" என்றார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் கல் நெஞ்சக்காரன் இல்லை. மறுநாளிலிருந்து கடைக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனேன், உட்கார்ந்து அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். நடுநடுவே வேண்டுமென்றே தப்பாகப் படிப்பேன். "அது அப்படி இருக்காதே மாப்பிள்ளை, நல்லாப் பாருங்க" என்று பிடித்துவிடுவார். முகம் மலர்ந்துவிடும். மச்சானுக்காக இந்த அளவுக்கு மெனக்கெடுகிற ஆள் உங்கள் ஊரில் யாராவது இருக்கிறார்களா சொல்லுங்கள்.

பேத்தி பிறந்தாள். குப்புற விழுந்தாள், நடந்தாள், பேசினாள். எல்லாவற்றையும் மச்சான் போனில்தான் கேட்டார். ஒரு தடவை போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வாருங்கள், நானே டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். போகவில்லை. "எஞ்சினோட வரேன்னு குழந்தைகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன் மாப்பிள்ளை, வெறுங்கையோட போய் நின்னா என்ன மரியாதை" என்றார். மூன்றரை வயது ஆகிறது அவளுக்கு. போன வாரம் போனில் அவள் கேட்டது அறை முழுக்கக் கேட்டது.

"தாத்தா, உங்க ரயிலு லேட்டா?"

"ஆமாம்மா. சிக்னல் விழல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் பாத்ரூமில் இருந்தார். என் மனைவி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நீங்கள் சொன்னதையும் நான் காது கொடுத்துக் கேட்டேன் அம்மா. மறக்கவில்லை. பதினாறு வருடத்தில் ஒரு துண்டுகூடத் தவறவிடாதவர் நீங்கள். ஒவ்வொரு பையும் எடை சரியாக இருந்தால்தான் அடைப்பீர்கள். புகார் மேல் புகார் வந்ததும் உங்கள் கம்பெனி என்ன செய்தது என்று நீங்கள் சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"மொதல்ல தராசு தப்புன்னு அதை மாத்தினாங்க. அப்புறம் புதுத் தராசும் தப்புன்னு அதையும் மாத்தினாங்க. மூணாவதா என்னை மாத்திட்டாங்க."

ஒரு மாதமாக வீட்டில் இருக்கிறீர்கள். விசாரணை முடிகிறவரை சம்பளம் இல்லை. அது போகட்டும், உங்களுக்கே உங்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது என்றீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "படுக்கறதுக்கு முன்னாடி எம்பிள்ளைங்கள எண்ணறேன் ஐயா. ரெண்டே பேருதான். இருந்தாலும் எண்ணிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்" என்றீர்கள். இரண்டு பேரை எண்ண வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். ஆனால் உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நான் இதுவரை ஒன்பது என்பதை ஒரு முத்திரை என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள் என்று ஒரு சீட்டைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் என்னைக் கண்டுபிடித்த விதத்தையும் மெச்சத்தான் வேண்டும். தேநீர்க் கோப்பையை உங்கள் முன்னால் வைக்கக் குனிந்தேன். உங்கள் தலை சட்டென்று நிமிர்ந்தது.

"ஐயா, உங்க சட்டைப் பையில என்ன கிணுகிணுங்குது? பித்தளைச் சத்தமாட்டம் இருக்கே."

பதினாறு வருடம் பித்தளையைக் கொட்டி எண்ணிய காது. எடுத்த சாமான்களைப் போட்டு, இந்தக் கண்ணாடிக் கூட்டை நான்கு வருடமாகச் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். வேறு எங்கே வைக்க முடியும்? வீட்டில் மூலை முடுக்கு விடாமல் மனைவி துடைப்பாள், கடையில் எல்லாக் கூட்டையும் வாடிக்கையாளர் திறந்து பார்ப்பார். நடந்தால் கிணுகிணுக்கும், குனிந்தால் கிணுகிணுக்கும். இந்த வீட்டில் யாருக்கும் கேட்டதில்லை.

இல்லை, உங்களிடம் மறைக்க மாட்டேன். ஒரு தடவை துவைக்கப் போட்ட சட்டையில் கூட்டை மறந்து வைத்துவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் என் சாவிக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. என் மனைவி துணியை மடித்துக்கொண்டே, "பையைப் பாத்துட்டுப் போடக் கூடாதா? மெஷின்ல சிக்கினா என்ன ஆகறது" என்றாள். திறந்து பார்த்தாளா, பார்க்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அன்றைக்கு மச்சானுக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்திருந்தாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்காதீர்கள். சரி, அவளுக்காக மட்டும் இல்லை. போதுமா? முப்பத்தோரு வருடமாக எவ்வளவோ பேருடைய கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்திருக்கிறேன், ஒருத்தரும் என்னைத் திருப்பிப் பார்த்ததில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு நான் ஒரு பலகை மாதிரி. இந்த மனிதர் ஒருத்தர்தான் மத்தியானம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மாப்பிள்ளை வந்தாச்சா, சீக்கிரம் வாங்க, உங்க கை வேணும்" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்பதற்காகவே பதினைந்து நிமிடம் முன்னாலேயே கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். அவர் போய்விட்டால் மறுபடி சாப்பிட வாங்க, உப்பு போதுமா, கதவைப் பூட்டியாச்சா. எனக்குப் பயமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் பயமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு குமிழை எடுத்து வைத்துக்கொள்வது அதைவிடச் சுலபமாக இருந்தது.

பதினெட்டு தடவை தாண்டிவிட்டோம். பத்தொன்பதாவதுதான் சிக்கல். போன மாதம் எஞ்சின் நாற்பதாம் படிக்கு வந்துவிட்டது. புத்தகத்தில் மொத்தமே நாற்பத்தோரு படிதான். கடைசிப் படி விசில். பாய்லர் தலையில் ஓர் ஓட்டை இருக்கிறதே, அதில் பொருத்தி ஒரு சொட்டு ஈயம் வைத்தால் வேலை முடிந்தது. அரிசி நீளம் இருக்கும். அதை நான் எடுத்தேன். மச்சான் வழக்கம்போல உங்கள் கம்பெனிக்கு எழுதினார். இந்தத் தடவை பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த அன்றைக்குத்தான் உங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. இப்போது அவர்கள் போயிருப்பதுகூட நினைவூட்டல் கடிதம் போடத்தான்.

சரி, எழுதித் தாருங்கள் என்றீர்கள், எழுதிவிட்டேன். இதோ. 'பொட்டலக்காரர் எண் ஒன்பது அடைத்த பைகளில் எந்தக் குறையும் இருந்ததில்லை. பத்தொன்பது சாமான்களையும் எடுத்தது நான்.' கீழே கையெழுத்து, கடை முத்திரை, தேதி. மச்சான் பார்த்தால் நாலு இடத்தில் வட்டம் போடுவார், ஆனால் விஷயம் தெளிவாக இருக்கிறது. அவருக்குச் சரியான லென்ஸும் நாளைக்கே போட்டுக் கொடுத்துவிடுகிறேன். எழுதி முடித்ததும் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது, பாரம் இறங்கிவிட்டது. மனிதன் என்றால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் ஒரு கவலையும் இல்லை.

காகிதம் மட்டும் போதாது என்கிறீர்களா?

"ஒவ்வொரு கடுதாசிக்கும் ஒரு சாமான் காட்டணும் ஐயா. பத்தொன்பது கடுதாசி, பத்தொன்பது சாமான். ஒன்னு குறைஞ்சாலும் எழுதிக் கொடுத்தவரும் என்னை மாதிரியே எண்ணத் தெரியாதவர்னு சொல்லிடுவாங்க. மறுபடி என் தலையிலதான் விழும்."

நியாயம்தான். இந்தாருங்கள் கூடு. இருங்கள், நானே துணியின் மேல் கொட்டுகிறேன், உருண்டு போய்விடும். மெதுவாக எண்ணுங்கள். அவசரமே இல்லை.

குமிழ், திருகு, மூடி. ஆமாம், அதுதான் அந்தச் சக்கரம். ம். ம்.

பதினெட்டா?

இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள். ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்த களைப்பு, அதனால் இருக்கும். மறுபடியும் பதினெட்டுதானா. எது இல்லை, விசிலா? இருந்ததே. நான் என் கண்ணால் பார்த்தேன். மேஜைக்கு அடியிலா? தாராளமாகத் தேடுங்கள், ஆனால் அங்கே இருக்காது.

என் இடது கையை ஏன் பார்க்கிறீர்கள்? அது சும்மாதான் மூடியிருக்கிறது. இந்த வயதில் விரல்கள் அப்படித்தான் மடங்கிக்கொள்ளும்.

வெளியே கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள் அம்மா, மச்சான் பார்த்தால் மனது கஷ்டப்படுவார். நான்தான் எதையும் ஒளிக்காமல் சொல்லி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேனே, இனி என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவர் உள்ளே வந்து உட்காரட்டும். எல்லோருமாகச் சேர்ந்து இந்த ஒன்றைப் பற்றி உங்கள் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுவோம், அவர் அருமையாக எழுதுவார். நீங்கள் மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணுகிற வேலையில் இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்.